அட்டைப் பட்டியலை இணையத்தில் ஏற்றும்போது எவற்றைக் கைவிடலாம்?

கேள்வி – வாசகசாலை உறுப்பினர், அஸ்தம்பட்டி:
எங்கள் வாசகசாலையின் அட்டைப் பட்டியலை (ஒவ்வொரு நூலின் விவரத்தையும் தனித்தனி அட்டையில் எழுதிவைத்த பட்டியல்) இணையத்தில் ஏற்ற இருக்கிறோம். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகிய மூன்றையும் எக்செல் தாளில் தட்டச்சு செய்தால் போதும், மற்றதைத் தேடுபொறி பார்த்துக்கொள்ளும் என்கிறார் தளம் அமைத்துத் தருபவர். ஓய்வுபெற்ற எங்கள் நூலகரோ, ‘காண்க’ அட்டைகளையும் (ஒரு பெயரில் தேடுபவரை, நூல் பதிவாகியிருக்கும் வேறு பெயருக்கு அனுப்புபவை) பொருள் தலைப்புகளையும் (நூல் எதைப் பற்றியது என்று காட்டும் சொற்கள்) விட்டுவிட்டால் எஞ்சுவது பட்டியலே அல்ல என்கிறார். அந்த அட்டைகளில் இருப்பவற்றுக்கு இணையத்தில் இடம் உண்டா?

பதில் – பகுப்பெண்:
உண்டு, ஐயா. நூலகர் சொல்வதே சரி. அந்த மூன்றை மட்டும் ஏற்றினால், ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இயற்பெயரில் தேடுபவருக்குக் கல்கியின் நாவல்கள் அகப்படாது. கல்கி என்று தேடினாலோ 1941இல் தொடங்கிய வார இதழும் நாவல்களோடு கலந்து வந்து நிற்கும். முதற்சிக்கலை ‘காண்க’ அட்டையும் இரண்டாவதை, அட்டையின் தலைப்புச் சொல்லோடு ‘எழுத்தாளர்’, ‘இதழ்’ என்று சேர்த்த குறிப்பும் தீர்த்து வந்தன. தேடுபொறி நிறுவனங்கள் 2011இல் கூடி உருவாக்கிய ஸ்கீமா சொற்தொகுதியில் (பக்கத்தில் இருப்பது எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிச்சொற்கள்) எழுத்தாளரை நபர் என்றும் இதழைப் பருவ இதழ் என்றும் வகைப்படுத்தி, மாற்றுப் பெயருக்கான புலத்தில் இயற்பெயரை இட்டு, விக்கிதரவு என்னும் திறந்த தரவுத்தளத்தில் அவருக்குரிய எண்ணையும் இணைத்துவிடலாம். அந்த அட்டையில் நூலகர் செய்த வேலையும் இதுதான்.

பதில் – மலைவாசி, ஏற்காடு:
இடப்பெயரிலும் இதே கவனம் வேண்டும். 1918ஆம் ஆண்டின் சேலம் மாவட்ட கெசட்டியரில் (மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூல்) ஓசூரும் தருமபுரியும் அடங்கும். தருமபுரி 1965இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. எனவே ‘சேலம்’ என்று மட்டும் குறித்தால், ஓசூரின் பழைய வரலாற்றைத் தேடுகிறவர் கண்ணில் அந்நூல் படவே படாது. பதிப்பாண்டு வேறு, நூல் பேசும் காலம் வேறு என்பதையும் எக்செல் தாள் மறந்துவிடுகிறது. நூலகவியலாளர் ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பு என்னும் நூல் வகைப்பாட்டு முறையோ இடத்தையும் காலத்தையும் தனித்தனி முகங்களாகவே (வகைப்படுத்தும் கூறுகளாகவே) கொண்டிருக்கிறது. ஒரே மலையின் பெயரான ‘சேர்வராயன் மலை’, ‘ஷெவராய்’ ஆகிய இரு வடிவங்களையும் ஒரே பதிவில் சேர்க்க மறக்க வேண்டாம்.

பதில் – கணினிப் பிரிவு:
சிறு வாசகசாலைக்கு, நூலகங்கள் கணினிப் பதிவுக்குப் பயன்படுத்தும் மார்க் வடிவத்தின் நூற்றுக்கணக்கான புலங்கள் மிகை. டப்ளின் கோர் என்னும் எளிய விவரிப்பு முறையின் 15 கூறுகளே நூலை விவரிக்கப் போதும். ஆனால் அவை நூலை மட்டுமே விவரிக்கும், ‘காண்க’ அட்டைக்கு அங்கே இடமில்லை. ஆகவே பெயர்களுக்கும் இடங்களுக்கும் தனித் தாள் ஒன்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, நூல் பதிவில் அந்த எண்ணையே எழுதுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தலைப்பெழுத்து பெயருக்கு முன்னா பின்னா என்பதையும் நூலகரிடம் கேட்டு முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.