முதல் குரூப் மலை ட்ரைவ்: இறக்கத்தில் பிரேக் பெடல் மெத்தென்று ஆகிறது, கிளம்புவதற்கு முன் வேறென்ன பார்க்கணும்?

வளைவுக்குப் புதுசு

வணக்கம். அடுத்த வாரக் கடைசியில் ஏழு ஸ்போர்ட்ஸ் கார்கள் சேர்ந்து ஒரு மலைப்பாதை ட்ரைவ். குரூப்பாக ஓட்டுவது எனக்கு இதுதான் முதல் தடவை. மொத்தம் 160 கி.மீ., அதில் 40 கி.மீ. கொண்டை ஊசி வளைவுகள். கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் கிளம்பி, 1,900 மீட்டர் ஏறி மறுபக்கம் இறங்கணும்.

கார் ரெண்டு சீட், ரியர் வீல் ட்ரைவ், டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, சர்வீஸ் புக் முழுசா இல்லை.

சந்தேகங்கள்: சின்ன இறக்கத்திலேயே ஏழெட்டு தடவை தொடர்ந்து பிரேக் பிடித்தால் பெடல் மெத்தென்று ஆகி, வழக்கத்தைவிடக் கீழே போகிறது. பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தால் பழையபடி ஆகிவிடுகிறது. பிரேக் பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) 6 மி.மீ. இருக்கிறது. புது பேடு போட்டால் சரியாகுமா?

டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் வரிப்பள்ளம்) நல்லா இருக்கு, பக்கவாட்டில் 1719 என்று இருக்கு. வளைவில் பிடிமானம் வர காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், குறைக்கலாமா? கடைசியா, மற்ற ஆறு பேரும் பழகியவர்கள். அவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க என்ன பண்ணணும்?

பட்டறைக்காரன்

பேடு மாத்தாதீங்க, அது பேடு பிரச்சனை இல்லை. பெடல் எப்படி நடந்துக்குதுன்னு பார்த்தாலே பாதி விடை கிடைச்சிடும். சூடானா மட்டும் மெத்துன்னு ஆகி, ஆறினதும் சரியானா பிரேக் ஆயில் கொதிக்குது. பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா பேடு சூடேறி பிடிப்பு போயிருக்கு. வண்டி ஆறியிருக்கும்போதே மெத்துன்னு இருந்தா பிரேக் லைன்ல (ஆயில் போற குழாய்) காத்து, இல்லன்னா லீக். சிக்னல்ல மிதிச்சுப் பிடிச்சிருக்கும்போது பெடல் மெதுவா கீழ இறங்கினா மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற பாகம்) பழுது. உங்களது முதல் வகை.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரம்னா புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 155 வரைக்கும் இறங்கலாம். மலை இறக்கத்துல காலிபர் (பேடை டிஸ்க் மேல அமுக்குற பாகம்) அந்தச் சூட்டைச் சுலபமா தொட்டுடும். ஆயில் ஆவியானா லைன்ல குமிழ் வரும். குமிழை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது, அதான் பெடல் கீழ போகுது. ஆறினா ஆவி திரும்ப திரவமாகிடும். "தானா சரியாயிடுச்சு"ன்னு பலபேர் ஏமாறுற இடம் இதுதான்.

பண்ண வேண்டியது: முழு ஆயிலையும் மாத்துங்க. சீல் உடைக்காத டாட் 4, ஒரு லிட்டர் வாங்கினா பெரும்பாலான கார்களுக்குப் போதும். மேனுவல்ல டாட் 5.1 அனுமதிச்சிருந்தா அதையே போடலாம், அதோட கொதிநிலை புதுசுல 260, ஈரம் சேர்ந்தப்போ 180. டாட் 5 வேற சமாச்சாரம், அது சிலிக்கான், இதோட கலக்கவே கூடாது. நம்பர்ல ஒரு புள்ளிதான் வித்தியாசம், கடையில எடுக்கும்போது ரெண்டு தடவை படிங்க.

ப்ளீட் பண்ணும்போது (பழைய ஆயிலையும் காத்தையும் வெளியேத்தும்போது) வண்டியில இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவுல ஆயில் அடிக்கோட்டுக்குக் கீழ போக விடாதீங்க. காத்து ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள போயிட்டா ஸ்கேனர் மாட்டாம வெளிய எடுக்கிறது கஷ்டம். ஸ்போர்ட்ஸ் கார் காலிபர்ல சில சமயம் உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு நிப்பிள் (ஆயிலை வெளிய விடுற திருகு) இருக்கும். மெக்கானிக் வெளிய இருக்கிறதை மட்டும் திறந்துட்டு முடிஞ்சதுன்னு சொல்லிடுவார், பக்கத்துல நின்னு பாருங்க. நிறைய மேனுவல் கார்ல கிளட்சும் அதே டப்பாவுல இருந்துதான் ஆயில் எடுக்கும், அதையும் சேர்த்து ப்ளீட் பண்ணச் சொல்லுங்க. பெயின்ட்ல சிந்தினா துடைக்காம உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, இல்லன்னா பெயின்ட் உரியும்.

6 மி.மீ. பேடு இந்த ட்ரைவுக்குத் தாங்கும், ஆனா நாலு வீல்லயும் உள்பக்க பேடையும் அளந்தீங்களா? காலிபர் பின் இறுகியிருந்தா வெளிய 6 இருக்கும், உள்ள 2 இருக்கும். டிஸ்க்கோட குறைஞ்சபட்ச கனம் பெரும்பாலும் அதோட விளிம்புலயோ நடுப்பகுதியிலயோ பொறிச்சிருக்கும், அதையும் ஒப்பிட்டுப் பாருங்க.

ஸ்டியரிங் மன்னன்

டயருக்கு நாலு பி.எஸ்.ஐ. குறைச்சு ஓட்டிப் பாருங்க ப்ரோ. ரோட்டுல நல்லா பதியும். ரேஸ் ட்ராக்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

பட்டறைக்காரன்

ட்ராக்குக்கு அது சரி, அங்க டயர் அவ்வளவு சூடாகும், பிரஷர் ஏறி வேண்டிய அளவுக்கு வந்துடும். ரோட்டுல அந்தச் சூடு வராது. ஓட்டத்துல கொஞ்சம் ஏறினாலும் வேண்டிய அளவைவிடக் குறைவாவே இருக்கும், சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) மடங்கும், ஸ்டியரிங் பதில் தாமதமா வரும், குழியில ரிம் அடிபடும். கதவுத் தூணில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுதான் சரி. கிளம்புற அன்னைக்குக் காலைல டயர் குளிர்ந்திருக்கும்போது அடிங்க. நாலு பி.எஸ்.ஐ. வரை ஓட்டத்துல ஏறும், அதைப் பார்த்துட்டு வழியில நிறுத்தி இறக்காதீங்க.

மேல போனா என்ன ஆகும்னு சிலர் கேப்பாங்க. 1,900 மீட்டர்ல வெளிக்காத்து அழுத்தம் குறையுறதால கேஜ் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடக் காட்டணும். அங்க குளிரும் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூட இருக்கும், அது ரெண்டு பி.எஸ்.ஐ. குறைக்கும். மொத்தத்துல ஏறக்குறைய ஈடாகிடும், தொட வேண்டாம்.

1719-ன்னா 2019-ல 17-வது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும். இப்ப ஆறு வயசு தாண்டியாச்சு, என் கணக்குல மாத்துற டயர். நாலும் ஒரே மாடலா போடுங்க. புது டயர் முதல் 150 கி.மீ. வழுக்கும், அதனால ட்ரைவுக்கு முந்தின நாள் போடாம இந்த வாரமே போட்டு ஓட்டிடுங்க. பழைய டயரைக் கழட்டும்போது உள்விளிம்பு அதிகமா தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. தேய்ஞ்சிருந்தா அலைன்மென்ட் பார்க்காம புதுசை மாட்டாதீங்க. வீல் நட்டை மேனுவல்ல சொன்ன நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்ல இறுக்கி, 50 கி.மீ. ஓடினதும் ஒருதடவை சரிபாருங்க.

கடைசி வண்டி

வண்டி விஷயம் பேசியாச்சு. மூணாவது கேள்விக்கு வருகிறேன், ஏன்னா பிரேக் சரியாக இருந்தும் கார்கள் பள்ளத்தைப் பார்ப்பது அந்த இடத்தில்தான்.

ஈடுகொடுக்கவே கூடாது. வரிசையின் கணக்கைப் பாருங்கள்: முதல் கார் வளைவுக்கு முன் 60-லிருந்து 30-க்கு இறங்கி, வளைவு முடிந்ததும் மறுபடி 60 பிடிக்கும். அப்போது ஏழாவது கார் இன்னும் 30-ல் வளைவுக்குள் இருக்கும். முன்னால் இடைவெளி அகலும். அதை மூட ஏழாவது ஆள் 75, 80 போவார், அடுத்த வளைவு வந்துவிடும். தலைவர் நிதானமாக ஓட்டினாலும் வால் பறக்கிறது, ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி. புதியவரை "பின்னால் நிதானமாக வா" என்று கடைசியில் போடுவது பலர் செய்யும் தப்பு. உங்கள் இடம் இரண்டாவது, தலைவருக்கு நேர் பின்னால். அவர் கண்ணாடியில் உங்களைப் பார்த்து வேகம் வைப்பார். இதை இன்றைக்கே குரூப்பில் சொல்லிவிடுங்கள்.

ஏழு கார் ஒரே வரிசை வேண்டாம், நாலும் மூணுமாகப் பிரித்து ஐந்து நிமிஷ இடைவெளியில் கிளம்புங்கள். பின்னால் வரும் உள்ளூர் வண்டிக்கு ஏழு காரைத் தாண்ட இடமே கிடைக்காது, அது எரிச்சலில் எங்காவது தலையை நீட்டும். யார் வேகமாக வந்தாலும் இன்டிகேட்டர் போட்டு ஒதுங்கி விடுங்கள்.

வழி தவறாமல் இருக்க ஒரே விதி போதும்: ஒவ்வொருவருக்கும் பின்னால் வரும் கார் பொறுப்பு. திருப்பம் வந்தால், பின்னவர் நீங்கள் திரும்புவதைப் பார்க்கும்வரை அங்கேயே நில்லுங்கள். இந்த விதி இருந்தால் முன்னால் போகிற காரைத் துரத்த வேண்டிய அவசியமே இல்லை. பதினைந்து இருபது கி.மீ.க்கு ஒரு கூடும் இடத்தை முன்கூட்டியே குறித்து, மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். மலையில் போன் சிக்னலை நம்பாமல் காருக்கு ஒரு வாக்கி-டாக்கி. எல்லோரும் புல் டேங்க். ஏற்றத்தில் மைலேஜ் பாதியாகக் குறையலாம்.

நேர்ச்சாலையில் மூன்று வினாடி இடைவெளி, இறக்கத்தில் இன்னும் கூட. குரூப்புக்குள் ஓவர்டேக் கிடையாது. லாரியைத் தாண்டும்போது முன்னவர் ரேடியோவில் "க்ளியர், வா" என்றாலும் போகாதீர்கள். அவர் சொன்னது அவருக்கு க்ளியர். நீங்கள் வெளியே எட்டிப் பார்க்கும்போது அது நாலு வினாடி பழைய செய்தி.

ஸ்டியரிங் மன்னன்

சரி, டயர் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். வளைவுல வண்டி போற லைன் பத்தி யாரும் சொல்லலையே? அபெக்ஸ் (வளைவோட உள்விளிம்புப் புள்ளி) எடுக்க எதிர் லேன் கொஞ்சம் தொட்டாதான் வளைவு நேராகும்.

கடைசி வண்டி

எதிரே பஸ் வரும்போது அது நேராகாது. உங்கள் லேன்தான் உங்கள் ட்ராக், கோட்டைத் தாண்ட வேண்டாம்.

வளைவுக்குப் புதுசு, நீங்கள் முன் காரின் பிரேக் லைட்டைப் பார்த்து ஓட்டாமல், சாலையின் இரண்டு ஓரங்களும் சேர்ந்து மறையும் புள்ளியைப் பாருங்கள். அந்தப் புள்ளி உங்களை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். அதே தூரத்தில் இருந்தால் வேகம் சரி. விலகி ஓட ஆரம்பித்தால் வளைவு திறக்கிறது, மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்கலாம். பார்வைக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் உச்ச வேகம்.

பிரேக், கியர் குறைப்பு எல்லாம் நேராக இருக்கும்போதே முடியட்டும். வளைவுக்குள் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் பாய்ந்து பின் டயர்கள் லேசாகும். ரியர் வீல் ட்ரைவில் பின்பக்கம் வீசுவது பெரும்பாலும் இப்படித்தான், அதிக பவரால் மட்டும் இல்லை. வேகம் கூடிவிட்டதாகத் தோன்றினால் காலை மெல்ல எடுத்து, போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திருப்புங்கள். ஈஎஸ்சியை (வண்டி வழுக்கிச் சுழலாமல் தானே பிடிக்கும் அமைப்பு) அணைக்காதீர்கள், சில கார்களில் ஸ்போர்ட் மோடே அதைத் தளர்த்திவிடும்.

இறக்கத்துக்குப் பழைய டிரைவர்கள் சொல்வதுதான்: ஏறிய கியரிலேயே இறங்கணும். இரண்டாவது கியரில் எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்காமல், அழுத்தமாகக் கொஞ்ச நேரம் பிடித்து முழுசாக விடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

வளைவுக்குப் புதுசு

ரொம்ப நன்றி. பிரேக் ஆயில் மாத்தியாச்சு, பழசு கரும்பழுப்பா வந்தது. ப்ளீட் பண்ணும்போது பக்கத்திலேயே நின்றேன், ரெண்டு நிப்பிளும் திறந்தார். பின் வீல் உள்பக்க பேடு 3 மி.மீ.தான் இருந்தது, அதனால் பின்னால் மட்டும் புதுசு போட்டாச்சு. டயர் நாளைக்கு. புது பேடுக்கு ஏதாவது பண்ணணுமா? காரில் ஸ்டெப்னி இல்லை, வேறென்ன எடுத்துக்கணும்?

பட்டறைக்காரன்

3 மி.மீ.ன்னா அந்தப் பக்க காலிபர் பின்னைக் கழட்டி, சுத்தம் பண்ணி, பிரேக்குக்குன்னே இருக்கிற கிரீஸ் போட்டாங்களான்னு கேளுங்க. இல்லன்னா புது பேடும் அப்படியே தேயும்.

புது பேடைப் பதிய வைக்கணும். புது டயர் 150 கி.மீ. ஓடினப்புறம் வண்டி நடமாட்டம் இல்லாத ரோட்டுல 80-ல இருந்து 20 வரைக்கும் மிதமான அழுத்தத்துல எட்டுப் பத்து தடவை பிடிங்க, நடுவுல அரை நிமிஷம் ஓட விடுங்க. முழுசா நிறுத்தாதீங்க, சூட்டோட நின்னா பேடு பொருள் டிஸ்க்ல ஒரே இடத்துல ஒட்டிக்கும், அப்புறம் பெடல் அதிரும். முடிஞ்சதும் பத்து நிமிஷம் பிரேக் தொடாம ஓட்டி ஆற விடுங்க. பேடு பெட்டியில வேற முறை போட்டிருந்தா அதையே பின்பற்றுங்க.

எடுத்துக்க வேண்டியது: டயர் சீலன்ட் (காலாவதி தேதி பாருங்க, பட்டன் பகுதி ஓட்டைக்குத்தான் உதவும், சைடுவால் கிழிஞ்சா உதவாது), 12 வோல்ட் கம்ப்ரஸர், வீல் லாக் சாவி, இழுவைக் கொக்கி, எச்சரிக்கை முக்கோணம், டார்ச், முதலுதவிப் பெட்டி. கொக்கியை பம்பர்ல ஒருதடவை திருகிப் பார்த்துடுங்க, துருப்பிடிச்ச மரையை ரோட்டோரத்துல கண்டுபிடிக்கிறது வேதனை. தண்ணி பாட்டிலைக் காலடியில உருள விடாதீங்க, பிரேக் பெடலுக்கு அடியில போய் நிக்கும். எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்ல மேல்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கட்டும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை ரெவ் ஏத்தாதீங்க.

வளைவுக்குப் புதுசு

கடைசி ஒண்ணு. இவ்வளவுக்கும் மேல் இறக்கத்தின் நடுவில் பெடல் மறுபடி மெத்தென்று ஆனால்?

கடைசி வண்டி

பெடலைச் சட்சட்டென்று பம்ப் பண்ணுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கூடவே மூணு, ரெண்டு என்று ஒவ்வொரு கியராக இறக்குங்கள், நியூட்ரல் மட்டும் கூடவே கூடாது. ரேடியோவில் "பிரேக் இல்லை" என்று ரெண்டே வார்த்தை, முன்னவர் விலகி வழி விடுவார். கை பிரேக் லீவர் என்றால் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்வீல் லாக் ஆகிச் சுழற்றிவிடும். எலக்ட்ரிக் சுவிட்ச் என்றால் பெரும்பாலான கார்களில் இழுத்துப் பிடித்திருந்தால் அதுவே படிப்படியாக நிறுத்தும்.

நின்றதும் கியரில் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கில் கை பிரேக் போட்டு வைக்க வேண்டாம், புகை வந்தாலும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் விரிசல் விடும். காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள், எக்ஸாஸ்ட் சூட்டில் பற்றிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்துப் பெடல் கெட்டியானாலும் குரூப்போடு சேர்ந்து போகாதீர்கள். ஹசார்டு போட்டு முதல், இரண்டாம் கியரில் தனியாக அடிவாரம் வரை இறங்கி, அங்கேயே ப்ளீட் பண்ணச் சொல்லுங்கள்.