வாலிநோக்கத்து உப்பு விலைக்கும் திருப்பூர்ச் சாயத்துக்கும் என்ன தொடர்பு?

உப்பளத்துக்காரர், வாலிநோக்கம்:
எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக உப்பு விளைவிக்கிறது. வாரி அம்பாரமாகக் குவித்த உப்பை எடுக்க வந்த வியாபாரி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் வேலை மந்தம் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கிறார். துணிக்குச் சாயமேற்ற உப்பு வேண்டும் என்பது தெரியும். அது எங்கள் விலையையே அசைக்கும் அளவுக்குப் போகிறதா, அல்லது இது வெறும் பேரப் பேச்சா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சாயப்பட்டறைக்காரர், எமனேஸ்வரம்:
வெறும் பேரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது ஐயா. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பாகச் சேரும் வகை) ஏற, நிறத்தின் அழுத்தத்தைப் பொறுத்து, சாயநீரில் லிட்டருக்கு 30 முதல் 100 கிராம் வரை உப்புப் போடுகிறார்கள். அதில் எதுவும் நூலில் தங்குவதில்லை, கழிவுநீரோடுதான் போகிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவிலிருந்து உப்புநீரைப் பிரித்தெடுத்து மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறை வலுப்பெற்றது. ஆகவே அங்கே வேலை கூடினாலும், அதே அளவுக்குப் புது உப்பு வாங்கப்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் பட்டறையில் இண்டிகோ நீலம் ஏற்றும்போது தொட்டிக்குள் மஞ்சளும் பச்சையுமாகக் கிடக்கும் நூற்கழி, தூக்கி உதறியதும் காற்றுப்பட்டுக் கண்ணெதிரே நீலமாகிவிடும். காஸ்டிக் சோடா என்ற காரமும் ஹைட்ரோஸ் என்ற ஒடுக்கிப்பொருளும் இல்லாமல் அந்தச் சாயம் கரையாது. அந்தக் காஸ்டிக்கும் உப்பிலிருந்து வருவதுதான்.

வேதியியல் ஆசிரியர், கீழக்கரை:
நான் முக்கியமாகக் கருதுவது அந்தக் காஸ்டிக்கைத்தான். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் உப்பு செலவாகிறது. உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக்கைப் பிரிக்கும் அதே மின்னாற்பகுப்பில், வேண்டினாலும் வேண்டாவிட்டாலும், ஏறக்குறைய 0.88 டன் குளோரினும் வந்துவிடுகிறது. குளோரினை நெடுநாள் தேக்கிவைக்க முடியாது என்பதால், பிவிசி பிளாஸ்டிக் போன்றவற்றைச் செய்வோர் அதை வாங்குவது குறைந்தால் ஆலை உற்பத்தியையே குறைக்க நேரிடும். அப்போது துணி ஆலைகளும் மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் இழை செய்யும் ஆலைகளும் காஸ்டிக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கும் அதே மாதத்தில், உங்கள் உப்பைக் கேட்க ஆளில்லாமல் போகலாம்.

உங்கள் கையில் இருப்பது தரம். உப்பில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் சாயநீர் கடினமாகிறது; காஸ்டிக் ஆலைக்கோ சுத்திகரிப்புச் செலவு ஏறுகிறது. உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 29 டிகிரியைத் தாண்டிய, மக்னீசியம் மிகுந்த நீரைப் பாத்தியில் விட்டுவைக்கிறீர்களா?

உப்பளத்துக்காரர், வாலிநோக்கம்:
ஆம் ஐயா, அந்த நீரை வடிக்காமல் புதுநீரையே மேலும் பாய்ச்சி வந்தோம். அடுத்த வாரலுக்கு முன் வடித்துவிட்டு, உப்பைச் சோதனைக்குக் கொடுத்து, அந்தச் சான்றோடு வியாபாரியிடம் பேசுகிறேன்.