நிலத்தடியில் எரிவாயுச் சேமிப்பு: விதி முதலா, கிணறு முதலா?

மஞ்சக்குப்பம் எழுதியது:

வற்றிய எண்ணெய், எரிவாயு வயல்களுக்குள் இயற்கை எரிவாயுவைத் திரும்பச் செலுத்திச் சேமித்து வைப்பது பற்றி நம் நாட்டிலும் பேச்சு அடிபடுகிறது. அப்படிப்பட்ட களம் எதுவும் இந்தியாவில் இன்னும் இயங்கவில்லை. ஆனால் காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் என்று பல பத்தாண்டுகளாகத் தோண்டிய கிணறுகள் நிறைய இருக்கின்றன. பேச்சு நம் பக்கம் திரும்ப அதிக காலம் ஆகாது.

என் கட்சி எளிது. பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டு, மீறினால் தண்டனை என்ற நிலை வரும்வரை ஒரு கன மீட்டர் வாயுவைக்கூட உள்ளே இறக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் அலிசோ கேன்யன் என்ற சேமிப்புக் களம். 2015 அக்டோபர் 23 அன்று எஸ்.எஸ்.-25 என்ற கிணற்றில் கசிவு தெரிந்தது. அடைத்து முடிக்க 2016 பிப்ரவரி ஆயிற்று. ஏறக்குறைய 1 லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பின. 1953-இல் எண்ணெய்க்காகத் தோண்டத் தொடங்கிய கிணறு அது. 1970-களில் சேமிப்புக்கு மாற்றினார்கள். உள்ளே இருந்த பாதுகாப்பு வால்வை 1979-இல் கழற்றியவர்கள் திரும்பப் பொருத்தவே இல்லை. பொருத்தியாக வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

நெல்லித்தோப்பு எழுதியது:

வந்துவிட்டேன். நிலத்தடிச் சேமிப்பு நேற்று முளைத்த தொழில் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 1915-இலேயே செய்தார்கள். இன்று அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 400 களங்கள் இயங்குகின்றன. 2022-இல் ரஷ்ய வாயு பெருமளவு நின்றபோது ஐரோப்பா குளிர்காலத்தைத் தாண்டியதற்கு இந்தச் சேமிப்பு ஒரு முக்கியக் காரணம். நவம்பர் 1-க்குள் 80 சதவீதம் நிரப்ப வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இங்கிலாந்து வடகடலில் இருந்த தன் பெரிய சேமிப்புக் களமான ரஃப்பை 2017-இல் மூடிவிட்டு, 2022-இல் விலை எகிறியதும் அவசர அவசரமாகத் திறந்தது. நாம் வாயுவில் பாதியளவுக்குக் கப்பலில்தான் வரவழைக்கிறோம். உலகச் சந்தையில் விலை ஏறினால் யூரியா ஆலையும் மின் நிலையமும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன.

ஒரு விபத்தைக் காட்டித் தொழிலையே தள்ளிவைக்கச் சொல்வது நியாயமா? விசாகப்பட்டினத்தில் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் கீழே பாறையைக் குடைந்து 60,000 டன் சமையல் வாயுவை 2007 முதல் வைத்திருக்கிறார்கள். அங்கே யார் வீட்டைப் பூட்டினார்கள்?

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

நெல்லித்தோப்பு நண்பரே, விசாகப்பட்டினம் வேறு, இது வேறு. அங்கே கெட்டியான பாறை. அதைச் சுற்றி நிலத்தடி நீரின் அழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்து, வாயு வெளியே வராமல் தடுக்கிறார்கள். நீங்கள் சொல்லும் வற்றிய வயலில் வாயு இருப்பது மணற்பாறையின் நுண்துளைகளில். அங்கே போகவும் வரவும் வழி கிணறுதான். அந்தக் கிணறு எங்கள் குடிநீரைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போக வேண்டும்.

கடலூர் மணற்பாறை நீர் என்றால் நெய்வேலியிலிருந்து புதுச்சேரி வரை எல்லோருக்கும் தெரியும். என் வயலும் அதில்தான் விளைகிறது. உங்கள் நெல்லித்தோப்புக் குழாயிலும் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான் வருகிறது. அலிசோ கேன்யனில் கேசிங் என்ற வெளிக் குழாயை அரித்தது எது தெரியுமா? வெளிப்பக்கமாகத் தங்கிய நிலத்தடி நீரும் அதில் வளர்ந்த நுண்ணுயிர்களும். 2019-இல் வந்த விசாரணை அறிக்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது. தண்ணீர் ஊறும் பூமியில் இரும்புக் குழாயை இறக்கிவிட்டு விதி காப்பாற்றும் என்கிறீர்கள். வீட்டு போர்வெல்லின் இரும்புக் குழாயே எங்கள் ஊரில் எத்தனை காலம் தாங்குகிறது என்று வந்து பாருங்கள்.

முதுநகர் எழுதியது:

முதலில் நெய்வேலியில் உறிஞ்சும் தண்ணீருக்குக் கணக்குக் கேளுங்கள் ஐயா, பிறகு வாயுவைப் பேசலாம்.

மட்டுறுத்துநர்:

நெய்வேலிக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே சேமிப்பு பற்றி மட்டும்.

நெல்லித்தோப்பு எழுதியது:

அரிப்பு பற்றிச் சொன்னது சரி. அதனால்தான் 2016 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசு முதன்முறையாக நிலத்தடிச் சேமிப்புக்குத் தேசிய விதி கொண்டுவந்தது. 2020-இல் அதை இறுதி செய்தது. குழாயின் கனத்தைக் கருவி இறக்கி அளக்க வேண்டும், அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், ஒவ்வொரு கிணற்றின் அபாயத்தையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும், அவசரத் திட்டம் கையில் இருக்க வேண்டும். எழுதிவைத்த பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே. ஒவ்வொன்றையும் நாமே பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

மஞ்சக்குப்பம் எழுதியது:

அந்தப் பாடத்தின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வற்றிய வயல்களுக்கும் உப்புக் குகைகளுக்கும் பாதுகாப்பு நடைமுறைகளை அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கம் 2015-இல், அந்தக் கசிவுக்கு முன்பே, அச்சிட்டு வெளியிட்டிருந்தது. புத்தகம் இருந்தது, கடைப்பிடிக்கும் கட்டாயம் இல்லை. கசிவுக்குப் பிறகு வந்த இடைக்கால விதி அதிலுள்ள பரிந்துரைகளையும் சேர்த்துக் கட்டாயமாக்கியது. நிறுவனங்கள் முறையிட்டன, 2020-இல் பரிந்துரைகள் மறுபடியும் பரிந்துரைகளாகவே நின்றன. 1 லட்சம் டன் வாயு போன பிறகே அங்கே இவ்வளவுதான் நடந்தது. இங்கே என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

செம்மங்குப்பம் எழுதியது:

அண்ணன்மார்களே, நான் குழாய் படித்தவள் இல்லை. ரசாயன ஆலைகளுக்கு நடுவில் வாழ்கிறவள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் ஆலை ஒன்றில் ஓர் இரவு வாயு கசிந்தது. கண் எரிச்சலில்தான் விழித்தோம். சங்கு ஊதவில்லை. ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு தெருவே நெடுஞ்சாலைப் பக்கம் ஓடியது. காற்றும் அதே பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது. எதிர்த்திசையில் போங்கள் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அந்த ஆலையிலும் அவசரத் திட்டம் இருந்ததாம். அலுவலகப் பீரோவில், ஆங்கிலத்தில்.

இயற்கை எரிவாயுவுக்கு மணம் கிடையாது. அடுப்புக்கு வருவதற்கு முன்பு மணமூட்டியைக் கலக்கிறார்கள். கலக்காத வாயு கசிந்தால் எங்கள் மூக்கும் உதவாது. ஆகவே என் கேள்வி ஒன்றுதான்: கிணற்றின் அழுத்தம் எவ்வளவு என்பது ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதப்படுமா? அந்த விதி உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா?

காரைக்கால் ரிக் எழுதியது:

இரண்டு பக்கமும் படித்தேன். ஓய்வு பெறும்வரை கிணறு தோண்டும் ரிக்கில் கிடந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கிணற்றில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நிற்கும். வெளியே இருப்பது கேசிங், உள்ளே டியூபிங். அடியில் இரண்டுக்கும் நடுவே பேக்கர் என்ற அடைப்பு. வாயு டியூபிங்கில் மட்டும் போய் வந்தால், டியூபிங் ஓட்டையானாலும் கேசிங் தாங்கும். அதற்குள் நமக்குத் தெரிந்துவிடும். அலிசோவில் டியூபிங், கேசிங் இரண்டின் வழியாகவும் வாயுவை ஓட்டினார்கள். அதிகம் எடுக்கலாம் என்ற ஆசை. கேசிங் ஏறக்குறைய 270 மீட்டர் ஆழத்தில் கிழிந்தபோது அதற்கு வெளியே சிமெண்ட் இல்லை, வாயுவைத் தடுக்கக்கூடிய இரண்டாவது சுவர் இல்லை. மேலிருந்து கனமான திரவத்தை இறக்கி அடக்கப் பார்த்த முயற்சிகள் எல்லாம் தோற்று, பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி அடியிலிருந்துதான் நிறுத்தினார்கள். 'ஒற்றைத் தடுப்புக் கிணறு கூடாது' என்பதுதான் அங்கே கற்ற முதல் விதி. கலிஃபோர்னியா அதைச் சட்டமாகவே ஆக்கியது.

இரண்டாவது, அழுத்தம் காட்டும் கேஜைப் படிப்பது. டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் இடையில் அழுத்தம் காட்டினால் சின்ன வால்வைத் திறந்து வெளியேற்றுவோம். முள் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்றால், வெயிலில் சூடேறிய அழுத்தம், பயமில்லை. மூடிய பிறகு மெல்ல மெல்ல ஏறினால் எங்கோ கசிகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், உட்கார்ந்து பார்க்கும் பொறுமை போதும். கிணற்றுத் தலையைச் சுற்றிச் செல்லர் என்று ஒரு சிமெண்ட் குழி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் அதில் நிரம்பும். ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) அந்தத் தண்ணீரில் குமிழி வருவதைக் காட்டினேன். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, பம்ப் போட்டுத் தண்ணீரை இறைத்துவிடச் சொன்னார். தண்ணீர் போனது, குமிழியும் போனது. பதிவேட்டில் 'இயல்பு நிலை'.

அலிசோவிலும் அதே கதைதான். எஸ்.எஸ்.-25-க்கு முன்பு அந்தக் களத்தில் 60-க்கும் மேற்பட்ட கசிவுகள். ஏன் கசிந்தது என்று விசாரிக்காமலே ஒட்டுப்போட்டுக் கடந்தார்கள். அதையும் 2019 அறிக்கைதான் சொல்கிறது. என்னைக் கேட்டால் வால்வை விட அதுதான் பெரிய குற்றம்.

நெல்லித்தோப்புத் தம்பிக்கு ஒரு தகவல். ரஃப் களத்தை 2017-இல் மூடியதற்குக் காரணமே கிணறுகளின் முதுமைதான். சோதனையில் தேறவில்லை, புதுப்பிக்கக் காசு கட்டுப்படியாகவில்லை.

செம்மங்குப்பத்துத் தங்கைக்கு: நான் பார்த்த எந்த விதிப் புத்தகத்திலும் ஊராட்சிப் பலகை இல்லை. வைக்க வேண்டும்.

நெல்லித்தோப்பு எழுதியது:

நன்றி ஐயா. ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. இரட்டைத் தடுப்பு, அழுத்தப் பதிவு, கசிவு விசாரணை. மூன்றும் செய்யக்கூடியவை. எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகள் 2017-இலேயே வந்துவிட்டன. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் இருக்கிறது, எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் இருக்கிறது, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது.

மஞ்சக்குப்பம் எழுதியது:

இத்தனை பேர் இருப்பதுதான் சிக்கல். வாரியத்தின் 2006 சட்டம் சேமிப்பையும் குழாய்வழிப் போக்குவரத்தையும் பார்க்கும், உற்பத்தியைத் தொடாது. சுரங்க இயக்குநரகம் உற்பத்திக் கிணற்றைப் பார்க்கும். உற்பத்தி நின்று சேமிப்புக் கிணறான பிறகு அது யார் வீட்டுப் பிள்ளை? கலிஃபோர்னியாவிலும் கிணற்றுக்கு ஒரு துறை, மேலே உள்ள குழாய்க்கு வேறொரு ஆணையம் என்றுதான் இருந்தது. அசாமின் பாக்ஜானில் 2020 மே 27 அன்று கிணறு வெடித்துக் கிளம்பி, ஜூன் 9-இல் தீப்பிடித்து, அடக்க நவம்பர் ஆயிற்று. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். அங்கும் இந்த அலுவலகங்கள் எல்லாம் இருந்தன.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

தமிழ்நாட்டின் 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் பாருங்கள். கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்கள் அதில் வருகின்றன. எண்ணெய், எரிவாயு ஆய்வு, துளையிடல், எடுத்தல் கூடாது என்கிறது. சேமிப்பு என்று பெயர் சொல்லித் தடுக்கவில்லை. இருக்கிற பழைய கிணற்றில் வாயுவை இறக்கினால் அது 'எடுத்தல்' ஆகுமா? ஒரு நல்ல வக்கீல் போதும். புதுச்சேரிக்காரர்களான எங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. காரைக்காலைச் சுற்றியுள்ள நாகை, மயிலாடுதுறை உள்ளே, காரைக்கால் வெளியே.

காரைக்கால் ரிக் எழுதியது:

யாரும் தொடாத ஒன்று: கைவிடப்பட்ட கிணறுகள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் என்ற ஊர். 2001 ஜனவரியில் ஊருக்கு வெளியே இருந்த உப்புக் குகைச் சேமிப்பிலிருந்து வாயு கசிந்து, நிலத்துக்கடியில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஓடி, ஊருக்குள் எல்லோரும் மறந்துபோன பழைய உப்புநீர்க் கிணறுகள் வழியாகப் பீறிட்டது. இருவர் இறந்தார்கள். அந்தக் கிணறுகள் எங்கே இருந்தன என்பதற்கு வரைபடமே இல்லை.

சேமிப்புக்கு ஒரு வயலைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த அடுக்கைத் தொட்ட அத்தனை கிணறுகளின் பட்டியல் வேண்டும். எப்போது தோண்டியது, சிமெண்ட் எதுவரை நிற்கிறது, எப்படி மூடினார்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அந்த வயல் சேமிப்புக்கு ஆகாது.

நெல்லித்தோப்பு எழுதியது:

ஐயா, அந்த அளவுகோலை வைத்தால் காவிரிப் படுகையின் தரைப் பகுதியில் ஒரு வயலும் தேறாது.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

தேறாவிட்டால் போகட்டும்.

நெல்லித்தோப்பு எழுதியது:

போகட்டும் என்று விட முடியாது. விலை ஏறும் அன்று இதே இழையில் நீங்கள்தான் உர விலையைத் திட்டுவீர்கள். சரி, தரையை விடுங்கள். நம் கரைக்கு அப்பால் கடலில் பி.ஒய்.-1 வயல் இருக்கிறது. வாயு கடலடிக் குழாயில் பிள்ளைபெருமாள்நல்லூருக்கு வந்துகொண்டிருந்தது. கிணறுகள் சில, எல்லாம் பதிவில் உள்ளவை, மேலே குடிநீரும் இல்லை. அதை ஏன் பரிசீலிக்கக் கூடாது?

காரைக்கால் ரிக் எழுதியது:

பேசத் தகுந்த யோசனை. இரண்டு தடைகள் தெரிகின்றன. அங்கே வாயு நின்றது மணற்பாறையில் அல்ல, அடிநிலைக் கருங்கல்லின் விரிசல்களில். உள்ளே அனுப்பியதில் எவ்வளவு திரும்ப வரும் என்று கணக்கு வைப்பது மணற்பாறையைவிடக் கடினம். அடுத்தது, வங்கக் கடலில் புயல் பருவத்தில் கிணறு கிழிந்தால், அதை அடியிலிருந்து அடைக்கப் பக்கத்தில் நிவாரணக் கிணறு தோண்ட ரிக் எப்போது வந்து சேரும்? தானே புயலைக் கடலூர்க்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ரிக்கைக் கையிருப்பில் வைத்திருக்கும் செலவையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் தம்பி, உட்கார்ந்து பேசுவோம்.

செம்மங்குப்பம் எழுதியது:

அந்தக் கடல் குழாய் கரையேறும் ஊரிலும் பலகை வைக்க வேண்டும். அதையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.