தூசியளவு எழுத்தில் ஒரு முழு வேதம்: சிற்றுருப் பிரதிகளைக் கண்டவர்களின் பகிர்வு

கீழக்கரையிலிருந்து ஓர் உறுப்பினர்

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாப்பாவை (என் தந்தையை) அழைத்துக்கொண்டு இஸ்தான்புல் சென்றிருந்தேன். சுல்தான் அஹ்மது பள்ளிக்கு அருகே, இப்ராஹீம் பாஷாவின் பழைய அரண்மனையில் துருக்கி இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1914-இல் வேறோர் இடத்தில் தொடங்கப்பட்டு, 1983-இல் இந்த அரண்மனைக்கு மாற்றப்பட்டது. பெரிய முஸ்ஹஃபுகளையும் (குர்ஆன் பிரதிகளையும்) கம்பளங்களையும் பார்த்தபடியே நடந்துவந்த வாப்பா, ஒரு கண்ணாடிப் பேழையின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். உள்ளங்கைக்குள் மூடி மறைத்துவிடக்கூடிய அளவில், எட்டு மூலைகளோடு வெட்டப்பட்ட ஒரு குர்ஆன் பிரதி அங்கே திறந்து வைக்கப்பட்டிருந்தது.

துருக்கியர் இவ்வகைப் பிரதியைச் 'சஞ்சக்' குர்ஆன் என்கிறார்கள். சஞ்சக் என்றால் கொடி. படை புறப்படும்போது உலோகக் கூட்டுக்குள் வைத்துக் கொடிக்கம்பத்தில் கட்டுவதற்கென்றே உதுமானியர் காலத்திலும் ஈரானின் சஃபவியர் காலத்திலும் இவை எழுதப்பட்டன. எழுத்தின் பெயர் 'குபார்'. அரபியில் அச்சொல்லுக்குத் தூசி என்று பொருள். புறாவின் வழியே அனுப்பப்படும் கடிதங்களுக்காகப் பிறந்த எழுத்து என்றும் சொல்வார்கள். முட்டையின் வெண்கருவும் படிகாரமும் கலந்து பூசி, அகேட் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிய தாளின் மீதுதான் நாணற்பேனாவின் முனை இவ்வளவு நுண்மையாக ஓட முடியும்; பூச்சில்லாத தாளாக இருந்தால் மை பரவி, வரி முழுவதும் கறையாகிவிடும். இந்தச் சிறு ஏடுகளுக்குள் 114 சூராக்களும் (அத்தியாயங்களும்), ஓர் ஆயத்துகூட (வசனம்கூட) விடுபடாமல், எழுதப்பட்டிருக்கின்றன.

வாப்பா ஹாஃபிழ், அதாவது குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். கண்புரை அறுவைக்குப் பிறகும் அவருக்குப் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. என் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். எழுத்துகள் எனக்கும் பிடிபடவில்லை, அவருக்கும் பிடிபடவில்லை. ஆனால் சிறிது நேரம் உற்றுப் பார்த்தவர், "இது சூரா ரஹ்மான்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஒரே சொற்கோவை சிறிய சிறிய இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வருவதை விரலால் சுட்டிக் காட்டினார். 'ஃபபிஅய்யி ஆலாஇ ரப்பிக்குமா துகத்திபான்' என்னும் ஆயத்து அந்தச் சூராவில் 31 முறை வருகிறது. எழுத்தைப் படிக்க முடியாதவர், அதன் ஓசை விழும் இடங்களைக் கண்டுகொண்டார். பின்பு அங்கேயே நின்று, உதடு மட்டும் அசைய, ஓதத் தொடங்கினார்.

எழுத்தர் தம் திறமையைக் காட்டுவதற்காகச் செய்த விந்தை என்றுதான் அதுவரை இப்பிரதிகளைப் பற்றி நினைத்திருந்தேன். அன்று முதல் அப்படி நினைக்க முடியவில்லை. ஏற்கெனவே நெஞ்சில் சுமப்பவரின் உடலோடு ஒட்டி இருப்பதற்காக எழுதப்பட்டவை இவை என்றே கருதுகிறேன்; அவருக்கு எழுத்தின் அளவு ஒரு தடையே இல்லை.

காயல்பட்டினத்திலிருந்து ஓர் உறுப்பினர்

வ அலைக்குமுஸ்ஸலாம். சகோதரரின் பகிர்வு மனத்தைத் தொட்டது. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மெல்லிய எழுதுகோலால் எழுதிய முஸ்ஹஃபை ஒருவரிடம் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதை வெறுத்து அவரைக் கண்டித்தார்கள் என்றும், பெரிய முஸ்ஹஃபைக் கண்டால் மகிழ்வார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. மத்திய ஆசியப் பேரரசர் தைமூரிடம் உமர் அக்தா என்னும் எழுத்தர், முத்திரை மோதிரத்துக்கு அடியில் அடங்கும் குர்ஆன் ஒன்றை எழுதிக் கொண்டுபோனார் என்றும், அரசர் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் பாரசீக எழுத்தர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. பிறகு அவரே வண்டியில் ஏற்றிச் செல்லும் அளவுக்குப் பெரிதாக ஒன்றை எழுதியபோது, தைமூர் வாசல்வரை வந்து எதிர்கொண்டாராம். அக்தா என்றால் கை துண்டிக்கப்பட்டவர். எஞ்சிய ஒரு கையால் அவ்விரண்டையும் எழுதியவரை நினைக்கும்போது, அரசரின் பாராட்டு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது கைப்பிரதி அன்று. அப்பா, அதாவது வாப்பாவின் தகப்பனார், வணிகத்துக்காக ரங்கூன் சென்றிருந்த நாளில் வாங்கி வந்த அச்சுப் பிரதி. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. தகரக் கூட்டின் மூடியில் உருப்பெருக்கும் வில்லை ஒன்று பதித்திருக்கிறது. கைப்பிரதி ஒன்றைப் புகைப்பட முறையில் சுருக்கி, 1900-ஆம் ஆண்டை ஒட்டி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டேவிட் பிரைஸ் நிறுவனத்தார் வெளியிட்ட வகையைச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் பிரித்தானிய இந்தியப் படையின் முஸ்லிம் வீரர்கள் பலர் இத்தகைய பிரதிகளைச் சுமந்து சென்றனர். அரபுத் தலைவர் அவ்தா அபூ தாயி இதே போன்ற ஒன்றை 120 பவுனுக்கு வாங்கி வைத்திருந்ததாகவும், அதன் பிறகு தமக்குக் காயமே ஏற்படவில்லை என்று அவர் நம்பியதாகவும், அது 18 பென்னி விலையுள்ள கிளாஸ்கோ பதிப்பு என்றும், அப்போரில் அரபுகளோடு இணைந்து போரிட்ட பிரித்தானிய அதிகாரி டி. இ. லாரன்ஸ் எழுதினார். விலையை அறிந்தவர் லாரன்ஸ். அதன் மதிப்பை அறிந்தவர் அவ்தாதான் என்பேன்.

அப்பா அதை ஒருநாளும் இடுப்புக்குக் கீழே வைத்ததில்லை. கழிப்பறைக்குச் செல்லுமுன் கழற்றி நிலைப்படிக்கு மேலே வைப்பார். ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்த பின்னரே மீண்டும் அணிவார். கூட்டின் பின்புறம் அவருடைய நெஞ்சில் உரசி உரசிக் கண்ணாடிபோல் வழவழத்துவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்

பழைய தாள்களைச் செப்பனிடும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் இருவரின் பகிர்வுக்கும் தொடர்பாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். குர்ஆனுக்கு அடுத்தபடியாக என் கைக்கு அதிகம் வருவது 'தலாயிலுல் கைராத்' என்னும் ஸலவாத்துத் தொகுப்பின் (நபி (ஸல்) அவர்கள் மீதான வாழ்த்துரைகளின் தொகுப்பின்) சிறு பிரதிகள். மொராக்கோவின் இமாம் அல்ஜஸூலி (1465-இல் மறைந்தவர்) தொகுத்த இந்நூல், வாரத்தின் நாள்களுக்கேற்பப் பிரித்து ஓதப்படுவதால், ஜிப்பாவின் பையிலேயே வாழ்ந்து பழகியது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தோனேசியத் தீவுகள்வரை அது பரவியது. பழைய பிரதிகளில் மதீனாவில் உள்ள மூன்று அடக்கத் தலங்களின் வரைபடம் இருக்கும். பிற்காலத்து உதுமானியப் பிரதிகளில் மக்காவும் மதீனாவும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும்.

ஒரு குடும்பத்தார் கொண்டுவந்த சிறு பிரதியில், பொன்கோட்டுச் சட்டமும் பாடமும் நேற்று எழுதியவைபோல் தெளிவாக இருந்தன. மதீனாவின் பச்சைக் குவிமாடம் மட்டும் வண்ணம் கரைந்து, தாளின் நார் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. நீர் பட்டதால் ஏற்பட்ட சேதம் என்றே முதலில் குறித்துக்கொண்டேன். நீர் பட்டிருந்தால் ஓரத்திலிருந்து அலை போன்ற கறை பரவியிருக்க வேண்டும். இங்கே அத்தகைய கறை இல்லை. வட்டமாக, ஒரு விரல்நுனியின் அகலத்தில், ஓரங்களில் எண்ணெய்ப் பசையோடு இருந்தது அந்தத் தேய்வு. நபி (ஸல்) அவர்களின் பெயர் வரும்போதெல்லாம் அங்கே விரலை வைத்து, அந்த விரலை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது தங்கள் பாட்டியாரின் வழக்கம் என்று, பிரதியைத் திரும்பப் பெற வந்த நாளில் அக்குடும்பத்தார் சொன்னார்கள்.

தளர்ந்த முதுகுத் தையலை மாற்றிக் கொடுத்தேன். பூச்சி அரித்த மூலைகளுக்கு மெல்லிய தாள் ஒட்டினேன். குவிமாடத்தைத் தொடவில்லை.