கர்னல் ஒன்று, இன்ஸ்டாலர் ஒன்று: இரண்டையும் எப்படி ஒன்றாக நகர்த்துவது?

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் ஒரு கணினி வகுப்புக்கு டெபியன் 12 லினக்ஸை நெட்பூட் (கணினியை நெட்வொர்க்கிலிருந்தே துவக்கும் முறை) வழியாக நிறுவுகிறோம். இங்கே இணையம் மெதுவானது, அதனால் டெப்மிரர் என்ற கருவியை வைத்து உள்ளூர் மிரர் (டெபியன் தொகுப்புகளின் நகல்) ஓடுகிறது.

12.5-இல் எல்லாம் சரி. மிரர் 12.6-க்கு மாறியதும், மிரரைத் தேர்ந்தெடுத்த கையோடு இன்ஸ்டாலர் "கர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை" என்று நிற்கிறது (கர்னல் என்பது இயங்குதளத்தின் மையம், மாட்யூல்கள் அதில் ஏறும் டிரைவர்கள் போன்ற துண்டுகள்). ஹார்ட் டிஸ்க்கும் தெரிவதில்லை. இரண்டாவது கன்சோலில் பார்த்தால் ஓடும் கர்னல் 6.1.0-18, மிரரில் இருக்கும் யுடெப்களோ (இன்ஸ்டாலருக்கான சிறு தொகுப்புகள்) 6.1.0-22. இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் மாட்யூல்கள் ஏறும்.

புதிய நெட்பூட் கோப்பைப் போட்டால் இந்தப் பிழை போய்விடுகிறது. ஆனால் நெட்வொர்க் கார்டுக்கான ஃபெர்ம்வேரையும் பிரீசீட் கோப்பையும் (நிறுவல் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிய பதில்கள்) இனிட்ஆர்டிக்குள் (கர்னலோடு முதலில் ஏறும் சிறு கோப்பு முறைமை) மறுபடி கையால் சேர்க்க வேண்டும். டெய்லி பில்டில் (இன்ஸ்டாலரின் தினசரிச் சோதனைப் பதிப்பு) கர்னல் இன்னும் புதிது, அதுவும் பொருந்தவில்லை. டிவிடி இமேஜ் தன் மாட்யூல்களைத் தானே கொண்டுவருவதால் பிரச்சினை இல்லை. ஆனால் பென்டிரைவோடு ஒவ்வொரு மேசையாக அலைய யாரால் முடியும்? மிரரை அப்படியே நிறுத்தி வைத்தும் பார்த்தோம், பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போயின.

என் கேள்வி இதுதான்: புதிய யுடெப்கள் வந்ததும் இனிட்ஆர்டியைத் தானாகக் கட்டி, அது முடிந்த பிறகே மிரரையும் டிஎஃப்டிபி கோப்புறையையும் (நெட்பூட் கோப்புகளை வழங்கும் இடம்) ஒரே நேரத்தில் மாற்ற நீங்கள் என்ன முறை வைத்திருக்கிறீர்கள்?