கைமாறி வந்த எம்ஜிபியும் நான் அடைத்துவிட்ட இரண்டு துளைகளும்

கிரீஸ் கை (ரெடிங்):

உங்கள் பழைய காரின் முன்னாள் சொந்தக்காரரை எப்போதாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று இந்தப் பழைய கார்க் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நான் பார்த்தது அவரை அல்ல, அவர் வீட்டில் ஒருவரை. அன்றிலிருந்து மனம் ஒருமாதிரியாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 1965-ஆம் ஆண்டு எம்ஜிபி, எம்ஜி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார். துணிக்கூரை, இரண்டு இருக்கை, 1798 சிசி என்ஜின், எஸ்யூ நிறுவனத்தின் இரட்டை கார்புரேட்டர். அபூர்வமான வண்டி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே இருக்கும் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டித் தள்ளினார்கள். "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, 42,000 மைல், முழு வரலாறு உண்டு" என்று விளம்பரத்தில் இருந்தது. மூன்றில் ஒன்றுதான் உண்மை. அதுவும் விற்றவருக்கே தெரியாத உண்மை. டிக்கியில் கிடந்த ஒரு செருப்புப் பெட்டியை அவர் திறந்தே பார்த்திருக்கவில்லை.

முதலில் "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" எப்படி இருந்தது என்று சொல்கிறேன். எம்ஜிபிக்குத் தனியாக அடிச்சட்டகம் (சேசிஸ்) கிடையாது. இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏவுக்கு உண்டு. எம்ஜிபியில் உடற்கூடே சட்டகம். அதிலும் துணிக்கூரை வண்டியில் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, சில் என்று சொல்வார்களே, அதுதான் முதுகெலும்பு. அது துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதை ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின்பக்கத் தகட்டின் அடியையும் வெட்டியெடுக்க வேண்டும், வேலை முடியும்வரை உடல் வளையாமல் முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். என் வண்டியில் யாரோ இவ்வளவு சிரமம் எதற்கு என்று, மக்கிப்போன பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்து, பளபளவென்று சிவப்பு அடித்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதேதான். ஜாக்கி போட்டுத் தூக்கியபோது கதவு இடைவெளி கண்ணெதிரே சுருங்கியது. திறந்த கதவு திரும்ப மூடவில்லை. வாங்குவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியாது. நீங்களாவது செய்யுங்கள்.

இனி செருப்புப் பெட்டி. அதில் லாக்புக் என்னும் பழைய வாகனப் பதிவுப் புத்தகம், ஆண்டுதோறும் வண்டியைச் சோதித்து மைல் கணக்கோடு தரும் எம்ஓடி சான்றிதழ்கள் ஒரு கட்டு, சில பெட்ரோல் ரசீதுகள், ஒரு டயர்க் கடை அட்டை. நாட்டின் வண்டிகளையெல்லாம் ஸ்வான்சீ நகரின் ஒரே அலுவலகத்தில் கணினியில் பதிவு செய்யும் முறை எழுபதுகளில்தான் வந்தது. அதற்கு முன்பு அந்தந்த உள்ளூர்க் கவுன்சில்தான் பதிவு செய்யும். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் புதியவரின் பெயரும் முகவரியும் ஏறும், தேதி முத்திரை விழும். இன்றைய பதிவு ஆவணமான வி5சியில் இந்த ருசியெல்லாம் கிடையாது. எத்தனை பேர் கையில் இருந்தது என்ற எண்ணிக்கை இருக்கும், அவ்வளவுதான். என் லாக்புக்கில் 1965-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒருவர், 1967-இல் கில்ஃபோர்டில் ஒருவர், 1972-இல் மறுபடியும் வேறு ஊர்.

எம்ஓடி தாள்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன். அப்போதுதான் 42,000 மைல் கதை கந்தலானது. இந்த வண்டியின் மைல் மானியில் ஐந்து இலக்கம்தான். ஒரு லட்சத்தைத் தொட்டால் மறுபடி பூஜ்ஜியம். 1978-ஆம் ஆண்டுத் தாளில் 97,000 சொச்சம், அடுத்த ஆண்டுத் தாளில் 3,000 சொச்சம். யாரும் திருத்தவில்லை, யாரும் பொய்யும் சொல்லவில்லை. மானி தானாகவே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தாளும் இல்லை. எங்கோ ஒரு கொட்டகையில் கிடந்திருக்க வேண்டும். சாலையில் ஓட்டவில்லை என்று அரசுக்கு எழுதிக்கொடுக்கும் கட்டாயம் 1998-இல்தான் வந்தது, அதனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு எந்தச் சாட்சியும் இல்லை.

கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்குச் சேசிஸ் எண்ணை அனுப்பி, பிறப்புச் சான்றிதழ் மாதிரியான ஹெரிட்டேஜ் சான்றிதழும் வாங்கினேன். தொழிற்சாலைப் பேரேட்டிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். கட்டிய மாதம் பிப்ரவரி 1965, நிறம் ஐரிஸ் புளூ என்று வந்தது. கதவுப்பிடியும் ஒத்துப்போயிற்று. அந்த ஆண்டு வசந்தத்தில்தான் இழுக்கும் பிடி போய் அழுத்தும் பொத்தான் வைத்த பிடி வந்தது, என்னுடையது இழுக்கும் பிடி. டாஷ்போர்டுக்குப் பின்னால் சுரண்டினால் சிவப்பு, அதற்கடியில் கறுப்பு, அதற்கடியில் இன்னொரு சிவப்பு, கடைசியில் வெளிர்நீலம். ஊரில் பாட்டி வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உரியும்போது பொங்கலுக்குப் பொங்கல் அடித்த நிறங்கள் வரிசையாகத் தெரியுமே, அப்படி.

நான்கு ஆண்டுகள் வேலை. சில், தரைத்தகடு, மின்கம்பிகள், எல்லாம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இருக்கைகளுக்குப் பின்னால் சின்ன மேடை ஒன்று உண்டு. அதன் பின்தகட்டில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு துளைகள் இருந்தன. சுற்றிலும் வாஷர் அழுத்திய வட்டத் தடம். தொழிற்சாலை வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை. ரேடியோ மாட்டிய எவனோ போட்ட துளை என்று திட்டிக்கொண்டே பற்றவைத்து அடைத்தேன், தேய்த்து வழவழப்பாக்கினேன், நீலம் அடித்தேன்.

போன கோடையில் கெய்டனில் பழைய கார்களின் கூடுகை. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வண்டியின் பின்னால் நின்று பதிவெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது கில்ஃபோர்டில் இருந்த வண்டியா?" என்று கேட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1967-இல் வாங்கியவரின் மகள். அப்பா காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது என்றார். இருக்கையை முன்னால் சாய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார், சாய்த்தேன். குனிந்து, அந்தப் பின்தகட்டைக் கையால் தடவினார். ஒருபக்கம் தடவினார், மறுபக்கம் தடவினார்.

"இங்கே இரண்டு போல்ட் இருக்குமே."

அப்பா ஒட்டுப்பலகையில் ஒரு சின்ன இருக்கை செய்து, வார் வைத்து, அந்தப் போல்ட்டுகளில் மாட்டியிருந்தாராம். ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை அவருடைய இடம் அதுதான். சாவியைத் திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் பம்ப் டிக்டிக் என்று அடிக்கும். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அப்பா ஸ்டார்ட் செய்வார் என்று சொன்னார். என் வண்டியில் அந்த எஸ்யூ பம்ப் இன்றும் அப்படித்தான் அடிக்கிறது. சாவியைத் திருப்பிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

துளைகளை அடைத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறு வோல்ட் (லெஸ்டர்):

உங்கள் கதை அழவைத்தது, என் கதை சிரிக்கவைக்கும். என்னுடையதும் எம்ஜிபி, 1966. "இங்கிலாந்திலேயே பிறந்து இங்கிலாந்திலேயே ஓடிய வண்டி" என்று சத்தியம் செய்து விற்றார்கள். சேசிஸ் எண் தகட்டில் ஜிஹெச்என்3எல் என்று இருந்தது. ஜி என்றால் எம்ஜி, ஹெச் என்பது என்ஜின் அளவு, என் என்றால் இரண்டு இருக்கைத் திறந்த வண்டி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கடைசியில் இந்த எல் எதற்கு என்று கேட்டேன். "லக்ஷுரி" என்றார், கண்ணைக்கூட இமைக்காமல். இடப்பக்க ஸ்டியரிங் என்பதற்கான எல் அது. கெய்டன் சான்றிதழ் வந்தது: வட அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான வண்டி. பின்னாளில் இங்கே திரும்பிவந்து ஸ்டியரிங் வலப்பக்கம் மாறியிருக்கிறது.

ஆனால் கோபம் ஒரு மாதத்தில் தணிந்துவிட்டது. உலர்ந்த ஊரில் கிடந்த இரும்பு அது. என் சில் இன்றும் தொழிற்சாலை சில்தான். உள்ளூர் வண்டி என்ற பெருமையும் பொத்தல் தரையும் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பரிதாபமாக இருக்கிறது. பொய் சொன்னவர் தெரியாமல் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

கோவென்ட்ரி அண்ணன்:

கிரீஸ் கை தம்பிக்கு ஒரு வார்த்தை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாள்போல ஆக்குவது என்றால், அதற்குப் பிறகு அந்த வண்டி வாழ்ந்த ஐம்பது ஆண்டுகளை அழிப்பதுதானே? துரு வேறு, தடம் வேறு. துருவை வெட்டுங்கள். தடத்தில் கைவைப்பதற்கு முன் ஒரு வாரம் யோசியுங்கள். என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் காரணம் தெரியாத துளை எதையும் நான் மூடுவதில்லை, ரப்பர் மூடி போட்டு விட்டுவிடுவேன்.

இன்னொன்று, புதிதாக வாங்குபவர்களுக்கு: வி5சியில் பெயர் இருந்தால் மட்டும் அவர்தான் சொந்தக்காரர் என்று ஆகிவிடாது. பதிவுபெற்றவர் என்றுதான் பொருள். அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.

ஹாரோ வாசகி:

என்னிடம் எம்ஜிபி கிடையாது, என் கணவருடையது. ஆனால் வழியில் நின்றால் தள்ளுவது நான்தான். ஏ34 சாலையில் ஒருமுறை நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் அந்த டிக்டிக் இல்லை. பின்னால் வந்த ஒரு முதியவர் காரை ஓரங்கட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை, டிக்கியிலிருந்து ஸ்பானரை வாங்கி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைவிட்டு பம்பை இரண்டு தட்டுத் தட்டினார். டிக்டிக் வந்துவிட்டது. உள்ளேயிருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொள்ளுமாம், தட்டினால் விடுமாம்.

1980 அக்டோபரில் மூடும்வரை அபிங்டன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். அங்கே தானாக நகரும் அசெம்ப்ளி லைன் கிடையாது, வண்டியை அடுத்த ஆளிடம் கையால்தான் தள்ளுவோம் என்றார். "ஆகவே நான் உங்கள் வண்டியை ஏற்கெனவே ஒருமுறை தள்ளியிருக்கலாம், இன்று உங்கள் முறை" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான குறும்பு. எத்தனால் அதிகம் கலந்த இ10 பெட்ரோல் போடாதீர்கள், குறைவாகக் கலந்த இ5 போடுங்கள் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கிரீஸ் கை அவர்களே, பிறகு அந்த அம்மையாரிடம் சொன்னீர்களா இல்லையா? அதைச் சொல்லாமல் நிறுத்திவிட்டீர்களே.

கிரீஸ் கை (ரெடிங்):

சொன்னேன். அன்றைக்கு இல்லை, ஒரு வாரம் கழித்து மின்னஞ்சலில். வேலை நடக்கும்போது எடுத்த படங்களில் துளைகள் இரண்டும் வாஷர் தடத்தோடு தெளிவாக இருந்தன, அவற்றையும் அனுப்பினேன். திரும்பவும் துளை போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அந்த இருக்கையே இப்போது இல்லையே என்று எழுதினார். கோவென்ட்ரி அண்ணன் சொல்வது சரி. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பதிலோடு ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் வந்தது. வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது, அப்பா சட்டைக்கையை மடித்துவிட்டு ஸ்டியரிங் முன்னால், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு சிறுமியின் தலை. அச்செடுத்து லாக்புக்கோடு வைத்திருக்கிறேன். நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முன் மட்கார்டின் மேல் வட்டமாக ஒரு கண்ணாடி பொருத்தியிருக்கிறது. அந்தத் துளையையும் அடைத்தது நான்தான்.