பிஎச்பி, மைசீக்வல்: எஸ்கேப் போதுமா, பிரிப்பேர் கட்டாயமா?

பழையகை:
மைசீக்வல்ஐ-யில் (mysqli, பிஎச்பியை மைசீக்வல் டேட்டாபேஸோடு இணைப்பது) பயனர் அனுப்பும் மதிப்பை ரியல் எஸ்கேப் ஸ்ட்ரிங் (real_escape_string) போட்டு குவெரியில் ஒட்டி எழுதினாலே பாவம் என்று புதியவர்களை ஏன் மிரட்டுகிறீர்கள்? பத்து வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். எக்கோ போட்டால் முழுக் குவெரியும் கண்ணில் தெரியும், எடுத்து நேராக ஓட்டிப் பார்க்கலாம். பிரிப்பேரில் (prepare, குவெரியில் மதிப்பு வரும் இடத்தில் ? வைத்துவிட்டு மதிப்பைத் தனியாகக் கொடுப்பது) வெறும் கேள்விக்குறிதான்.

நிரலன்:
எக்கோ வசதி உண்மைதான். ஆனால் எஸ்கேப் செய்வது என்ன? மேற்கோள் குறி மாதிரியான சில எழுத்துகளுக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் வைக்கிறது, அவ்வளவுதான். ஐடியை மேற்கோள் இல்லாமல் வேர் (WHERE) பகுதியில் ஒட்டியிருக்கிறீர்கள், ஒருவன் 1 ஆர் 1=1 (1 OR 1=1) என்று அனுப்புகிறான் என்றால் அதில் எஸ்கேப் செய்ய ஒரு எழுத்துகூட இல்லை, அப்படியே உள்ளே போகும். 1=1 எல்லா வரிக்கும் பொருந்தும், அதனால் அது டெலிட் குவெரியாக இருந்தால் டேபிளே காலி.

பழையகை:
எண் என்றால் இன்ட்வால் (intval, வந்ததை முழு எண்ணாக மாற்றுவது) போடுவேன். அப்புறம், நீங்கள் புகழும் பிடிஓ (PDO, டேட்டாபேஸோடு பேச பிஎச்பியில் உள்ள இன்னொரு வழி) மைசீக்வலுக்கு பிரிப்பேரை எமுலேட்தானே செய்கிறது? மாற்றாமல் விட்டால் அதுவும் உள்ளே எஸ்கேப் செய்து ஒட்டித்தான் அனுப்புகிறது.

நிரலன்:
சரி, உண்மை. எமுலேட்டை அணைத்தால் குவெரி தனியாக, மதிப்பு தனியாக சர்வருக்குப் போகும். அணைக்காவிட்டாலும் மேற்கோள் போடுவது பிடிஓவின் பொறுப்பு, என் ஞாபகசக்தியின் பொறுப்பு இல்லை. நூறு இடத்தில் இன்ட்வால் போட்டு ஒரே இடத்தில் மறந்தவன் நான். வேறொருவர் என் கோடை (code) படித்துச் சொல்லும்வரை தெரியவில்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கயல்_வலை:
நடுவில் ஒன்று. ஆர்டர் பை-யில் (ORDER BY, வரிசைப்படுத்தும் பகுதி) வரும் காலம் (column) பெயரை பைண்ட் செய்ய, அதாவது கேள்விக்குறி வைத்து மதிப்பாகக் கொடுக்க, முடியாது. செய்தால் அது வெறும் ஸ்ட்ரிங்காகிவிடும், பிழையும் வராது, வரிசையும் மாறாது. அரை நாள் தேடியிருக்கிறேன். அனுமதித்த பெயர்களை ஒரு அரேயில் வைத்து, வந்தது அதில் இருந்தால் மட்டும் ஒட்டுங்கள். டேபிள் பெயருக்கும் இதே வழிதான்.

பழையகை:
அப்படியானால் ஒட்டுவது உங்களுக்கும் தேவைப்படுகிறதே!

கயல்_வலை:
நான் எழுதி வைத்த பெயரைத்தான் ஒட்டுகிறேன், பயனர் அனுப்பியதை இல்லை. பிஎச்பி 8.2 முதல் மைசீக்வல்ஐ-யிலேயே எக்ஸிக்யூட் குவெரி (execute_query) இருக்கிறது, குவெரியையும் மதிப்புகளின் அரேயையும் ஒரே வரியில் கொடுத்துவிடலாம். முழுக் குவெரியைப் பார்க்க, சோதனை சர்வரில் மைசீக்வலின் ஜெனரல் லாக்கை (சர்வருக்கு வரும் குவெரிகளை எழுதி வைக்கும் பதிவு) திறந்து வையுங்கள், மதிப்புகளோடு தெரியும்.

பழையகை:
ஜெனரல் லாக் யோசனை நல்லது, புதிய பக்கங்களை அப்படி எழுதிப் பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோடில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

நிரலன்:
வைக்க வேண்டியதே அதில்தான் அண்ணா. டெலிட், அப்டேட் இருக்கும் கோப்புகளையாவது முதலில் பாருங்கள்.